ஊருக்குப் போகும்வரை உடம்பு காத்திருக்குமா?

“உடம்பைக் கவனிக்க நேரம் எங்கே இருக்கிறது?”

மும்பைக்குப் பிழைக்க வந்த தமிழர் யாரைக் கேட்டாலும் இந்தப் பதில்தான் கிடைக்கும். அதில் பொய் இல்லை. விடியுமுன் எழுந்து குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும். பொதுக் கழிப்பிடத்தில் வரிசையில் நிற்க வேண்டும். கூட்டத்தோடு கூட்டமாக மின்சார ரயிலில் தொற்றிக்கொண்டு, நேரத்துக்கு வேலைக்குப் போய்ச் சேர வேண்டும். இரவு திரும்பினால் பாயைத் தவிர வேறு நினைவு வராது.

ஆகவே தலைச்சுற்றலா, நெஞ்சு கரிப்பா, விடாத இருமலா, எல்லாவற்றுக்கும் நம்மவர்கள் ஒரே மருந்தைக் கைவசம் வைத்திருக்கிறார்கள்.

“ஏன் அண்ணாச்சி, ஒரு டாக்டரிடம் காட்டக்கூடாதா?”

“கோயில் கொடைக்கு ஊருக்குப் போவோம்லா தம்பி. அங்க பார்த்துக்கிடலாம்.”

கொடையும் வரும். ஊருக்கும் போவார்கள். பத்து நாள் விடுமுறையில் கல்யாணம், காதுகுத்து, நிலத் தகராறு, ரேஷன் கார்டு என்று பதினைந்து நாள் வேலை காத்திருக்கும். டாக்டர் அடுத்த கொடைக்குத் தள்ளிவைக்கப்படுவார்.

ஊரில் ஒருவர் படுத்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க நாலு பேர் இருக்கிறார்கள். இங்கே அறையில் தங்கியிருப்பவர் படுத்தால், மற்றவர்கள் வேலைக்குப் போனபின் ஒரு சொம்புத் தண்ணீர் தர ஆள் இல்லை. தினக்கூலிக்காரருக்கு அன்றைய கூலியும் போயிற்று. ஊருக்கு அனுப்பும் பணமும் நின்றது. அவருடைய உடம்பை நம்பி அங்கே ஒரு குடும்பமே இருக்கிறது.

அப்படிப்பட்ட உடம்பை வருடத்துக்கு ஒருமுறை வரும் விடுமுறைக்கு ஒத்திவைக்கலாமா? கூடாது. ஒத்திவைக்க வேண்டிய அவசியமும் இல்லை. தனி நேரம் கேட்காத, பெரும் செலவு வைக்காத சின்னச் சின்னப் பழக்கங்களாலேயே பாதி ஆபத்தைத் தள்ளி நிறுத்தலாம். அவற்றை அன்றாடம் செய்யும் வேலைகளோடு முடிச்சுப் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

வீடு தேடி வரும் மாத்திரை

2021 ஆகஸ்டில் தமிழக அரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய் உள்ளவர்களின் வீட்டுக்கே சென்று அளந்து பார்த்து, மாத்திரை கொடுக்கும் திட்டம் அது. ஊரில் திண்ணையில் உட்கார்ந்திருந்த எத்தனையோ தாய் தந்தையருக்கு அப்படி வாசலிலேயே மருந்து கிடைத்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெற்றோருக்குப் பணம் அனுப்பும் நாற்பது வயது மகன் தன்னுடைய ரத்தக் கொதிப்பு எவ்வளவு என்று ஒருமுறைகூட அளந்து பார்த்திருக்க மாட்டார்.

“எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே!” என்பார்.

ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் இந்த இரண்டு நோய்களின் குணம். வலிக்காது. காய்ச்சல் வராது. வருடக் கணக்கில் உள்ளே இருந்து சிறுநீரகத்தையும் கண்ணையும் ரத்தக் குழாயையும் அரித்துவிட்டு, ஒருநாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளியே வரும்.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. அதன் கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர். நோயின் வாசற்படியில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல். வயது வந்தவர்களில் மூன்று பேரில் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. ஆறு பேர் தங்கும் ஓர் அறையில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டு பேர் யார் என்பது கருவியை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அளந்து பார்ப்பதன் அருமையைத் தாராவி ஒருமுறை உலகத்துக்கே காட்டியது. 2020 ஏப்ரல் முதல் தேதி அங்கே முதல் கொரோனா நோயாளி கண்டுபிடிக்கப்பட்டபோது, இவ்வளவு நெருக்கமான இடம் என்ன ஆகுமோ என்று எல்லோரும் அஞ்சினார்கள். நோயாளி வரட்டும் என்று மாநகராட்சி ஊழியர்களும் டாக்டர்களும் காத்திருக்கவில்லை. சந்து சந்தாகப் போய்க் காய்ச்சலை அளந்தார்கள். விரலில் கருவியை மாட்டி ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனைப் பார்த்தார்கள். “எனக்கு ஒன்றுமில்லை” என்று சொன்னவர்களிடமும் அளந்தார்கள். அந்த ஜூலையிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். அன்று கொரோனாவுக்குச் செய்ததை இன்று ரத்தக் கொதிப்புக்குச் செய்தால் போதும்.

முப்பது வயது தாண்டிய ஒவ்வொருவரும் இந்த இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மத்திய அரசின் சுகாதாரத் திட்டத்திலேயே இருக்கிறது. மும்பை மாநகராட்சி 2022 முதல் ‘ஆப்லா தவாகானா’ என்ற பெயரில் சிறு மருந்தகங்களைப் பல பகுதிகளில் திறந்தது. தாராவிக்காரர்களுக்குச் சயான் மருத்துவமனை நடை தூரம். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. மருந்தகம் இருக்கிறது. இந்தி வரவில்லையே, மராத்தி வரவில்லையே என்று தயங்க வேண்டாம். “பி.பி.”, “ஷுகர்” என்ற இரண்டு சொற்கள் எல்லா மொழிக்கும் பொது!

அளப்பதற்கு முன் அரை மணி நேரம் டீயோ பீடியோ வேண்டாம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருந்த பின் அளக்கச் சொல்லுங்கள். ரயிலிலிருந்து இறங்கி ஓடி வந்த மூச்சோடு கையை நீட்டினால் கணக்கு தப்பாகும். 120-க்கு 80 நல்லது. வேறு வேறு நாட்களில் பார்த்தும் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் காட்டினால் டாக்டரைப் பார்த்தே தீர வேண்டும். வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 126ஐத் தொட்டால் அது சர்க்கரை நோய்க்கு அடையாளம்; இன்னொரு சோதனையில் டாக்டர் உறுதி செய்வார்.

குடும்பத்தில் யாருடைய பிறந்த நாளாவது நினைவில் இருக்குமல்லவா? அந்த வாரத்தில் அளந்துகொள்வது என்று வைத்துக்கொண்டால் ஆண்டுதோறும் மறக்காது.

கண்டக்டரும் டிரைவரும்

1950-க்கு முன்பின் லண்டன் நகரில் ஜெரி மாரிஸ் என்ற டாக்டருக்கு ஒரு சந்தேகம் வந்தது. மாரடைப்பு ஏன் சில தொழிலில் அதிகமாகவும் சிலவற்றில் குறைவாகவும் இருக்கிறது? அவர் நகரத்துப் பேருந்துகளைப் பார்த்தார். அவை இரட்டை மாடிப் பேருந்துகள். டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருக்கிறார். கண்டக்டரோ டிக்கெட் கொடுப்பதற்காக மாடிக்கும் கீழுமாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார். ஒரு நாள் வேலையில் அவர் ஏறும் படிகள் 500 முதல் 750 வரை.

சுமார் 31 ஆயிரம் போக்குவரத்துத் தொழிலாளர்களின் நோய்க் கணக்கைப் பார்த்து, 1953இல் அவர் முடிவை வெளியிட்டார். டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் கடுமை குறைவு. ஒரே நிர்வாகம், ஒரே பேருந்து, ஏறக்குறைய ஒரே சம்பளம். வித்தியாசம் படிக்கட்டுதான்!

அவர் தபால் இலாகாவையும் விடவில்லை. தெருத்தெருவாக நடந்து கடிதம் கொடுத்த தபால்காரர்களைவிட, ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்கே இதய நோய் அதிகம் இருந்தது.

“குண்டாக இருப்பவர்கள்தான் டிரைவர் வேலைக்குப் போனார்களோ என்னவோ” என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மாரிஸ் குழுவினர் யூனிபாரம் தைக்க எடுத்த அளவுகளைத் தேடிப் பார்த்தார்கள். டிரைவர்களின் கால்சட்டை இடுப்பு கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. ஆகவே படிக்கட்டுக்கே முழுப் பெருமையும் கொடுத்துவிட முடியாது. ஆனால் பின்னர் 1973இல் அரசு அலுவலகங்களில் மேஜை வேலை பார்த்தவர்களைப் பற்றிய ஆய்வையும் மாரிஸ் வெளியிட்டார். ஓய்வு நேரத்தில் நன்றாக மூச்சு வாங்கும்படி உடம்பை இயக்கியவர்களுக்கு மாரடைப்பு மிகவும் குறைந்திருந்தது. ஆக, நாற்காலி வேலை தலைவிதி அல்ல. தான் சொன்னதைத் தானும் கடைப்பிடித்த மாரிஸ், 2009இல் தமது 99ஆம் வயதில் காலமானார்.

ரயில்வேயிலும் இந்தக் கதை உண்டு. அமெரிக்க ரயில்வே ஊழியர்களின் இறப்புக் கணக்கை ஹென்றி டெய்லர் என்ற ஆராய்ச்சியாளர் குழுவினருடன் ஆராய்ந்து 1962இல் வெளியிட்டார். இதய நோயால் அதிகம் இறந்தவர்கள் குமாஸ்தாக்கள். அடுத்து, யார்டில் வண்டிகளைத் தடம் மாற்றும் பாயிண்ட்ஸ்மேன்கள். எல்லாரையும்விடக் குறைவு, வெயிலிலும் பனியிலும் தண்டவாளத்தைப் பழுதுபார்த்த கேங்மேன்கள்!

மும்பையில் வேலை பார்ப்பவருக்கு உடற்பயிற்சிக் கூடம் எதற்கு? ரயில் நிலைய நடைமேம்பாலம் இருக்கிறதே! ஒரு பாலத்துக்கு 45 படி என்று வையுங்கள். வீட்டுப் பக்க நிலையத்தில் ஒன்று, வேலைப் பக்க நிலையத்தில் ஒன்று. போகவர நான்கு ஏற்றம். 180 படி ஆயிற்று. அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்து, காலையிலும் சாப்பாட்டுக்குப் பிறகும் லிஃப்டை விட்டுவிட்டால் இன்னும் 120 படி சேரும். லண்டன் கண்டக்டரின் கணக்கில் ஏறக்குறைய பாதியை எட்டிவிட்டீர்கள். நகரும் படிக்கட்டு இருக்கும் நிலையத்திலும் பக்கத்திலேயே சாதாரணப் படிக்கட்டு இருக்கிறது. அதில் கூட்டமும் குறைவு.

வாரத்துக்கு 150 நிமிடமாவது வேக நடை வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் போகும் தூரத்தைக் காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம் நடந்தால், வாரத்தில் ஐந்து நாளில் 150 நிமிடம் சரியாக வந்துவிடுகிறது. ஆட்டோக் காசும் மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. படி ஏறும்போது நெஞ்சில் அழுத்தமோ, இடது கையிலோ தாடையிலோ வலியோ, வழக்கத்துக்கு மீறிய மூச்சுத் திணறலோ வந்தால் அது பயிற்சிக்கு உரிய நேரம் அல்ல. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொன்று. நேரம் மிச்சம் என்று தண்டவாளத்தைத் தாண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2023ஆம் ஆண்டில் மட்டும் மும்பை மின்சார ரயில் பாதைகளில் இறந்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். அவர்களில் சுமார் பாதிப் பேர் தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டவர்கள். பாலத்தின் படி இதயத்தையும் காக்கும், உயிரையும் காக்கும்.

மூட்டை தூக்குபவருக்கும், சித்தாள் வேலை பார்ப்பவருக்கும் படி ஏறச் சொல்லத் தேவையில்லை. அவர்களுக்கு வேண்டியது தண்ணீர், தூக்கம், வருடத்துக்கு ஒருமுறை பி.பி. பரிசோதனை. “உழைக்கிற உடம்பு, நோய் அண்டாது” என்று சும்மா இருந்துவிடக்கூடாது. உழைப்பாளிக்கும் ரத்தக் கொதிப்பு வரும்.

உப்புப் பாக்கெட்டில் தேதி

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூன். இதைச் சொன்னால், “சமைக்கும்போது தராசா வைத்துக்கொள்ள முடியும்?” என்று கேட்பார்கள்.

தராசு வேண்டாம். ஒரு பேனா போதும். ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன்மேல் தேதி எழுதி வையுங்கள். ஆறு பேர் சேர்ந்து சமைக்கும் அறை என்றால், ஆளுக்கு 5 கிராம் வீதம் ஒரு நாளைக்கு 30 கிராம். ஒரு கிலோ 33 நாள் வர வேண்டும். இருபது நாளிலேயே தீர்ந்துவிட்டால், ஆறு பேரும் ஒன்றரை மடங்குக்கு மேல் உப்பு தின்கிறார்கள் என்று அர்த்தம்.

இது அடுப்படிக் கணக்கு மட்டுமே. வெளியே தின்னும் வடாபாவ், சேவ், பொட்டலச் சிப்ஸ், ஊரிலிருந்து வரும் ஊறுகாய், கருவாடு, அப்பளம் இவற்றில் உள்ள உப்பு இதில் சேராது. ஆகவே பாக்கெட் நாற்பது நாள் வந்தால் இன்னும் நல்லது. ஒரேயடியாகக் குறைத்தால் நாக்கு சண்டைக்கு வரும். வாரத்துக்கு ஒரு சிட்டிகை குறைத்துக்கொண்டு வந்தால் நாக்கு பழகிவிடும். சாப்பாட்டு இடத்தில் உப்பு டப்பாவை வைக்காமல் இருப்பதே பெரிய வைத்தியம். எண்ணெய்க்கும் இதே வழிதான். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆறு பேர் அறைக்கு மூன்று லிட்டர்.

டீயைப் பற்றிச் சொல்லாமல் மும்பையைப் பற்றிப் பேச முடியாது. ‘கட்டிங்’ சின்னக் கிளாஸ்தான். ஆனால் எத்தனை கிளாஸ்? நாளைக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் பத்து ஸ்பூன், ஏறக்குறைய 40 கிராம். மாதத்துக்கு 1 கிலோ 200 கிராம் சர்க்கரை டீயிலேயே உள்ளே போகிறது! டீயை விடச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. ஐந்தில் இரண்டைச் சர்க்கரை இல்லாமல் குடிக்கலாம். கடைக்காரர் பெரிய பாத்திரத்தில் சர்க்கரை கலந்தே கொதிக்க வைப்பவரானால், ஐந்தை மூன்றாக்கலாம்.

இடுப்பை அளக்க வேண்டியதும் முக்கியம். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது சுமார் 35 அங்குலம், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டக்கூடாது. நாடாவைத் தொப்புள் மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். டேப் இல்லாதவர்களுக்குப் பெல்ட் இருக்கிறது. பெல்ட்டில் ஒரு துளை வெளியே நகர்ந்தால், டாக்டர் சொல்வதற்கு முன்பே பெல்ட் சொல்லிவிட்டது என்று அறிக.

கண்ணாடி முன் ஒரு நிமிடம்

மகாராஷ்டிரத்தில் குட்காவுக்கு 2012இலேயே தடை வந்துவிட்டது. ஆனாலும் புகையிலையும் சுண்ணாம்பும் உள்ளங்கையில் தேய்ப்பது நிற்கவில்லை. ஊரில் இருந்தபோது தொடாதவர்கள்கூட, இரவு வேலையில் தூக்கம் வராமலிருக்க என்று இங்கே வந்து பழகிக்கொள்கிறார்கள். பரேலில் 1941 முதல் இயங்கிவரும் டாட்டா நினைவு மருத்துவமனைக்கு ஒருமுறை போய்ப் பார்த்தவர்களுக்கு, வாய்ப் புற்றுநோய் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

விடுவதுதான் வழி. தனியாக விட முடியாதவர்கள் 1800-11-2356 என்ற மத்திய அரசின் இலவச எண்ணுக்குப் பேசி ஆலோசனை கேட்கலாம்.

விடுவதற்குள்ளும் விட்ட பின்பும் ஒரு பழக்கம் வேண்டும். வாரம் ஒருமுறை முகம் சவரம் செய்யும்போது, அதே கண்ணாடியில் வாயைத் திறந்து பாருங்கள். கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி, ஈறு. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண், முன்போல் வாயைத் திறக்க முடியாமை இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆரம்பத்திலேயே கண்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அதற்கு ஒரு நிமிடம் செலவு.

திறந்த ஜன்னல்

பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர். ஒருவருக்கு இருமல். மூன்று வாரமாக நிற்கவில்லை. அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு இருமுகிறார். காரணம், வெளியே தெரிந்தால் அறையை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்.

அந்தப் பயம்தான் மற்ற ஐந்து பேருக்கும் ஆபத்து. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசு, மாநகராட்சி மருத்துவமனைகளில் இது இலவசம். காசநோய் என்று தெரிந்தால் மாத்திரையும் இலவசம். சாதாரணக் காசநோய் ஆறு மாதச் சிகிச்சையில் குணமாகும். சிகிச்சையில் இருப்பவரின் சத்துணவுக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது. 2024 நவம்பரில் அதை 1,000 ரூபாயாக உயர்த்தியது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கிய சில வாரங்களில் பெரும்பாலோரிடமிருந்து நோய் பரவுவதும் நின்றுவிடும். ஆகவே இருமுகிறவரை விரட்டாதீர்கள். கையைப் பிடித்து மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள். அதுதான் அறைக்கே பாதுகாப்பு.

காசநோய்க் கிருமி காற்று ஓடாத இடத்தில் தங்கும். காலையில் முதலில் எழுபவர் ஜன்னலைத் திறப்பது என்று அறையில் ஒரு சட்டம் போட்டுக்கொள்ளலாம். பீடி, சிகரெட் அறைக்குள் கூடாது என்பது இரண்டாவது சட்டம். கழிப்பிடம் போய் வந்ததும், சாப்பாட்டுக்கு முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது மூன்றாவது. கை கழுவும் பழக்கம் ஒன்றே வயிற்றுப்போக்கை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. வயிற்றுப்போக்கில் போகும் மூன்று நாள் கூலிக்கு எத்தனை சோப்பு வாங்கலாம் என்று கணக்குப் பாருங்கள்.

மழைக்காலத்துக்கு ஒரு சட்டம் கூடுதல். 2005 ஜூலை 26இல் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை மும்பை மறக்காது. வெள்ளம் வடிந்த பின் எலிக்காய்ச்சல் பலரைத் தாக்கியது. தேங்கிய நீரில் நடந்து வந்தால் வீட்டுக்குள் நுழையுமுன் காலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காலில் புண் இருந்தால் 24 மணி நேரத்துக்குள் மாநகராட்சி மருந்தகத்தில் காட்டுங்கள். தடுப்பு மாத்திரை தேவையா என்று டாக்டர் சொல்வார்.

பெண்கள் கவனத்துக்கு

அப்பளம் இடுபவர், வீட்டு வேலைக்குப் போகிறவர், அலுவலகம் போகிறவர் என்று நம் பெண்களில் பெரும்பாலோர் ஒரு காரியத்தைச் செய்கிறார்கள். வழியில் நல்ல கழிப்பிடம் இருக்காது என்று பயந்து தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர்க் கடுப்பும் தொற்றும் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். போகும் வழியில் நம்பத்தகுந்த கழிப்பிடம் எங்கே என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டு, அதற்கேற்பத் தண்ணீர் குடிப்பது நல்லது. அடக்கி வைப்பது கூடாது.

இரத்தசோகை அடுத்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு இரத்தசோகை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதையும் சதா களைப்பாக இருப்பதையும் “வேலை அதிகம்” என்று தள்ளிவிடுகிறார்கள். முருங்கைக்கீரை, பயறு, முட்டை, மீன் இயன்றதைச் சேர்க்கலாம். சாப்பாட்டோடு எலுமிச்சை பிழிந்துகொண்டால் கீரையில் உள்ள இரும்புச் சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது சேராமல் போகும். டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது காசில்லாத வைத்தியம்.

எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில் மிஞ்சியதைத் தின்னும் பழக்கத்தையும் மாற்ற வேண்டும். இது பெண்கள் மட்டும் மாற்ற முடிகிற பழக்கம் அல்ல. வீட்டு ஆண்கள் பார்த்துச் செய்ய வேண்டியது.

நாகர்கோவில் எக்ஸ்பிரசில் மாத்திரை

மாத்திரை தொடங்கியவர்களில் பலர் அதை நடுவில் நிறுத்திவிடுகிறார்கள். “நார்மல் ஆகிவிட்டது, இனி எதற்கு?” என்பது ஒரு காரணம். மாத்திரை சாப்பிடுவதால்தான் நார்மலாக இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். ரத்தக் கொதிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்தில் முடியலாம்.

இரண்டாவது காரணம் ஊர்ப் பயணம். இரண்டு நாள் ரயில், பத்து நாள் ஊர், மறுபடி ரயில். துணிமணி, பிள்ளைகளுக்குப் பொம்மை எல்லாம் பெட்டியில் இருக்கும், மாத்திரை இருக்காது. டிக்கெட் எடுக்கும் அன்றே எத்தனை நாளைக்கு மாத்திரை வேண்டும் என்று எண்ணி, மூன்று நாள் கூடுதலாக வாங்கி, டிக்கெட்டோடு சேர்த்து வைத்துவிட வேண்டும். டாக்டர் சீட்டையும் கூடவே வையுங்கள். பெரிய பெட்டியில் வேண்டாம், கைப்பையில். அன்றாடம் சாப்பிடுவதற்குப் பல் துலக்கும் டப்பாவிலேயே மாத்திரை அட்டையைப் போட்டு வைத்தால் மறதிக்கு இடமில்லை.

எதிலிருந்து தொடங்குவது?

இவ்வளவையும் படித்துவிட்டு, திங்கட்கிழமை முதல் எல்லாவற்றையும் செய்வேன் என்று சபதம் எடுப்பவர், புதன்கிழமை எல்லாவற்றையும் விட்டுவிடுவார். ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அதை, மறக்கவே முடியாத ஓர் அன்றாட வேலையோடு கட்டிவிட வேண்டும். ரயில் பிடிக்க மறப்பதில்லை, அதோடு படிக்கட்டு. பல் துலக்க மறப்பதில்லை, அதோடு மாத்திரை. சவரத்தோடு வாய்ப் பரிசோதனை.

ஒரு பழக்கம் தானாக ஓடத் தொடங்க எத்தனை நாள் ஆகும்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து நடந்த ஆய்வில் சராசரி 66 நாள் என்று கண்டார்கள். சிலருக்கு 18 நாள், சிலருக்கு எட்டு மாதத்துக்கும் மேல். ஒருநாள் தவறியதால் பெரிய நஷ்டம் வரவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஆகவே ஒருநாள் விட்டுப்போனால் தலையில் கை வைக்க வேண்டாம். மறுநாள் தொடர்ந்தால் போதும்.

அறையில் எல்லோருமாகச் சேர்ந்து செய்தால் இன்னும் எளிது. உப்புப் பாக்கெட் தேதியை ஒருவர் கவனிக்கலாம். ஜன்னல் இன்னொருவர் பொறுப்பு. மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை இருவர் மருந்தகம் போய் அளந்துகொண்டு வரலாம். சீட்டு போடுவதிலும், சங்கம் நடத்துவதிலும், ஊர்க் கோயிலுக்கு வரி வசூலிப்பதிலும் நம்மவர்களுக்குக் கணக்கு தப்பியதே இல்லை. அந்தக் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கத்தை உடம்புக்கு ஒதுக்கினால் போதும். பெயர், தேதி, பி.பி., சர்க்கரை. நான்கு பத்தி.

கொடைக்கு ஊருக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் அங்கே போய் டாக்டரைத் தேடுவதற்காக அல்ல. பந்தலில் நின்று வில்லுப்பாட்டு கேட்க, தாயின் கையால் சாப்பிட. அதற்கான உடம்பைச் சம்பாதிக்க வேண்டிய இடம் மும்பைதான். இன்று மாலை நடைமேம்பாலத்தில் ஏறும்போதே தொடங்கலாம்.